பூங்காவில் வேலை செய்பவர்களின் பாதுகாப்பு: சில அனுபவங்கள், சில யோசனைகள்

சென்ற மாதம் நம் சங்க நூலகத்தில் புத்தகம் மாற்றிக்கொண்டு வெளியே வந்தபோது ஓர் அம்மாள் என்னை நிறுத்தினார். சேலத்துப் பக்கத்திலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு முன் தலைநகருக்குப் பிழைக்க வந்த குடும்பம். "சார், நீங்க பார்க்குல ரொம்ப வருஷம் வேலை பாத்தவங்களாமே? எம் பையன் ஒரு பெரிய பார்க்குல மாலியா சேந்திருக்கான், தேக்கேதார்கிட்ட. மரம் ஏறச் சொல்றாங்களாம், மருந்து அடிக்கச் சொல்றாங்களாம். பயமா இருக்குது. நாங்க என்ன கேக்கணும், யாரக் கேக்கணும்?" என்றார். அன்று நின்றபடியே சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

தில்லியின் பெரிய பூங்கா ஒன்றில் இருபத்தொன்பது ஆண்டுகள் மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். காலையில் நடக்கப் போகும் நம்மவர்களுக்குப் பூங்கா என்றால் புல்வெளி, பூச்செடி, பெஞ்சு. அதே இடம் அங்கே வேலை செய்பவர்களுக்குப் பட்டறை மாதிரி. உயரம், வெட்டும் இயந்திரம், விஷ மருந்து, மின்சாரம், விஷஜந்து எல்லாம் அங்கே உண்டு. பட்டறைக்கு நான்கு சுவரும் ஒரு வாசலும் இருக்கும். பூங்காவுக்கு அதுவும் கிடையாது.

நான் எழுதிய ஒரு வரி

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். 2003 ஜூன் மாதம். முதல் நாள் இரவு 'ஆந்தி' அடித்து, ஒரு வேப்ப மரத்தின் கிளை முறிந்து தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் ஒரு முக்கியஸ்தர் வருவதாக இருந்தது. பீகாரிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரைக் கூப்பிட்டு, "பத்து நிமிஷ வேலை, ஏறி வெட்டிவிடு" என்றேன். கயிறு ஸ்டோரில் பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் இன்னும் வரவில்லை. "ஹோ ஜாயேகா, பாபுஜி" என்று சிரித்துக்கொண்டே ஏறினார். அவர் கால் வைத்த கிளை உள்ளே உளுத்துப் போயிருந்தது. பதினைந்து அடி உயரத்திலிருந்து விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் அதன் பிறகு மண்வெட்டி பிடிக்கவில்லை.

விபத்து அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதியவன் நான்தான். அந்த ஒரு வரியைக் காட்டியே ஒப்பந்தக்காரர் நஷ்டஈடு கிடையாது என்று சொல்லிவிட்டார். போதாததற்கு வருகைப் பதிவேட்டில் அவர் பெயரும் இல்லை. அவர் ஊருக்குப் போய்விட்டார்.

அப்போது எனக்குத் தெரியாத ஒன்றைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். 1923ஆம் ஆண்டுச் சட்டப்படி சாதாரணக் கவனக்குறைவு நஷ்டஈட்டை மறுக்கக் காரணமே ஆகாது. குடித்துவிட்டு வேலை செய்தது, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே கழற்றி எறிந்தது ஆகிய மூன்றுதான் காரணமாகும். மரணமோ நிரந்தர முழு ஊனமோ ஏற்பட்டால் இவற்றைக்கூடக் காட்டி மறுக்க முடியாது. எனக்கு இது தெரிய வந்தபோது, மனுப் போடுவதற்கான இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன.

'கவனக்குறைவு' என்று எழுதியவுடன் விசாரணை முடிந்துவிடுகிறது. ஆனால் உண்மையான காரணங்கள் வேறு: அவசரம், பூட்டிய ஸ்டோர், கிளையைச் சோதிக்காதது, தரையில் துணைக்கு ஆள் இல்லாதது, வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லாதது. இவற்றில் ஒன்றுகூட அவருடையது அல்ல.

எந்த வரிசையில் யோசிப்பது?

பாதுகாப்பு என்றதும் எல்லோரும் தொப்பி, கையுறை, பூட்ஸ் வாங்கப் போகிறார்கள். அவை கடைசிப் படி. முதலில், ஆபத்தான வேலையே தேவையா என்று பார்க்க வேண்டும். கிளையை நீளக் கழி ரம்பத்தால் தரையிலிருந்தே அறுக்க முடியுமானால் ஏறுவானேன்? அடுத்தது, கொடிய பொருளுக்குப் பதில் சாதுவானது. மூன்றாவது, ஆபத்தையும் ஆளையும் பிரிக்கும் தடுப்பு. நான்காவது, வேலை நேரமும் விதிகளும். ஐந்தாவதுதான் கையுறை. வீட்டில் குழந்தை தவழத் தொடங்கினால் கொதிக்கும் பாத்திரத்தை மேலே தூக்கி வைக்கிறோமே தவிர, குழந்தைக்குக் கையுறை மாட்டுவதில்லை. அதே நியாயம்தான் இங்கேயும்.

மரம்

அடிமரத்தில் காளான் பூத்திருந்தாலும், மரச்சுத்தியால் தட்டினால் பொந்து போல ஒலித்தாலும் அந்த மரத்தில் ஏறக் கூடாது. கனமான கிளையை மூன்று வெட்டாக வெட்ட வேண்டும். அடிமரத்திலிருந்து சற்றுத் தள்ளி முதலில் கீழ்ப்பக்கம் பாதி. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழுவதும். கடைசியில் மிஞ்சிய கட்டை. முதல் வெட்டைத் தவிர்த்தால் கிளை பட்டையை உரித்துக்கொண்டு வந்து ஆளை அடிக்கும். மரத்தில் ஒருவர் என்றால் தரையில் இருவர் வேண்டும். ஒருவர் கயிற்றுக்கு, மற்றவர் நடப்பவர்களைத் தடுக்க. அருகில் மின்கம்பி போனால், மின்சாரம் நிறுத்தப்பட்டது என்று உறுதியான பிறகே கத்தியை எடுக்க வேண்டும்.

வேர் மூச்சுவிட முடியாத மரமும் ஆபத்தே. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் சிமெண்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் தில்லிக்கு உத்தரவிட்டது. அழகுக்காக அடிமரம் வரை டைல்ஸ் பதிப்பவர்கள் இதை நினைவில் வைத்தால் நல்லது. அடுத்த ஆந்தியில் அந்த மரம் யார் மேல் விழும் என்று யாருக்குத் தெரியும்?

வெயிலும் மருந்தும்

மே, ஜூனில் 'லூ' காற்றில் 45 டிகிரியில் வேலை செய்வது சாதாரண விஷயமல்ல. காலை ஆறிலிருந்து பதினொன்று, மாலை நான்கிலிருந்து ஏழு என்று நேரத்தைப் பிரித்துவிட்டால் பாதி ஆபத்து போய்விடும். ஊரிலிருந்து புதிதாக வந்தவருக்கு முதல் நாளே முழு வேலை தரக் கூடாது; ஐந்தில் ஒரு பங்கில் தொடங்கி நாளுக்கு நாள் கூட்ட வேண்டும். ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து வைப்பது எந்தப் பூங்காவுக்கும் கட்டுப்படியாகும். ஒருவர் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தால் அது வெப்பத் தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறி, ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

இதில் நான் பல ஆண்டுகள் கவனிக்காத ஒன்று உண்டு. பெண் தொழிலாளர்கள் குடத்தில் தண்ணீர் இருந்தும் குடிக்க மாட்டார்கள். விசாரித்தபோதுதான் காரணம் தெரிந்தது: கழிப்பறை அரைக் கிலோமீட்டர் தள்ளி! கழிப்பறையைப் பக்கத்தில் அமைத்தபின் கோடையில் மயங்கி விழுவது குறைந்தது.

பூச்சிமருந்து டப்பாவில் முக்கோணம் இருக்கும். சிவப்பு மிகக் கொடியது. பிறகு மஞ்சள், நீலம், பச்சை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இந்த நிறங்களைச் சொல்லிக் கொடுக்கலாம். காற்று முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்று அடிக்க வேண்டும். குளித்து உடை மாற்றாமல் சாப்பிடக் கூடாது. காலி டப்பாவை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போக விடக் கூடாது. அதில் குடிநீர் பிடிப்பவர்களைக் கண்ணால் கண்டிருக்கிறேன். மயக்கம் வந்தால் டாக்டரிடம் டப்பாவின் லேபிளையும் கொண்டுபோக வேண்டும்.

பாம்பு, தேனீ, இயந்திரம்

சருகுக் குவியலில் கையை விடாமல் முதலில் குச்சியால் கிளற வேண்டும். கட்டுவிரியன் கடித்தால் பல சமயம் வலியே இருக்காது. கண்ணிமை தொங்கும்போதுதான் தெரியும். கடிவாயைக் கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது மூன்றும் தவறு. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே போடும் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தை நம் சென்னைக்கு அருகே 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் சேகரித்துத் தருகிறது என்பது நமக்குப் பெருமை.

தேன்கூடு கலைந்தால் கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு ஓட வேண்டும். புல் வெட்டும் மோட்டார் இயந்திரம் சிறு கல்லைத் தோட்டா போல எறியும். இயக்குபவருக்குக் கண்ணாடி வேண்டும், சுற்றிலும் 15 மீட்டருக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது. நீரூற்றுக்கும் விளக்குக் கம்பத்துக்கும் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் அவசியம்.

தொட்டிக்குள் இறங்காதே

பூங்காக் கழிப்பறையின் மலத்தொட்டி அடைத்துக்கொண்டால், "மாலியை இறக்கு" என்பார்கள். ஒருபோதும் கூடாது. உள்ளே இருக்கும் விஷவாயு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்ற இறங்கும் இரண்டாவது ஆளும் அங்கேயே விழுவார். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014இல் நிர்ணயித்த உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. உறிஞ்சும் லாரியை அழைக்க ஆகும் செலவு இதற்கு முன்னால் எம்மாத்திரம்?

அந்த அம்மாளுக்குப் பதில்

அம்மா, உங்கள் மகனிடம் ஐந்து விஷயம் கேளுங்கள். நியமனக் கடிதம் கையில் இருக்கிறதா? 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. தினமும் வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறுகிறதா? ஈ.எஸ்.ஐ. எண் கொடுத்தார்களா? கயிறும் முதலுதவிப் பெட்டியும் பூட்டாத இடத்தில் இருக்கின்றனவா? 'இந்தக் கிளை சரியில்லை, ஏற மாட்டேன்' என்று சொன்னால் மறுநாளும் வேலை இருக்குமா?

ஒன்றை உறுதியாக நம்பலாம். ஒப்பந்தக்காரர் கைவிரித்தாலும், வேலையை அவரிடம் ஒப்படைத்த முதன்மை நிர்வாகத்திடம் நஷ்டஈடு கோரச் சட்டம் இடம் தருகிறது. இரண்டு ஆண்டுக் கெடுவை மட்டும் தவறவிடாதீர்கள்.

நம் வாசகர்களில் குடியிருப்போர் சங்கங்களில் பொறுப்பு வகிப்பவர்கள் பலர். காலனிப் பூங்காவுக்கு டெண்டர் பார்க்கும்போது குறைந்த தொகையை மட்டும் பார்க்காமல், இந்த ஐந்து கேள்விகளையும் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். காலையில் நடக்கும்போது கயிறில்லாமல் மரத்தில் யாராவது தெரிந்தால், ஒரு நிமிடம் நின்று மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அன்று எனக்கு அப்படி ஒருவர் சொல்லியிருந்தால், இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டிருக்காது.