கைத்துப்பாக்கி வாங்கப் போகிறீர்களா? 'போர்' எது என்று சட்டம் ஏற்கனவே முடிவு செய்துவிட்டது!

(நமது நிருபர்)

இரவு 10 மணி. கடையைச் சாத்தி, கல்லாப் பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புகிறார் வியாபாரி. பின்னாலேயே ஒரு மோட்டார் சைக்கிள் வருகிறது. வயிற்றைக் கலக்குகிறது. ''ஒரு ரிவால்வர் இருந்தால் நன்றாக இருக்குமே'' என்ற நினைப்பு அப்போதுதான் வரும்.

அடுத்த கேள்வி: ''எந்த போர் வாங்கலாம்? பெரிசா வாங்கினால்தானே பயம் இருக்கும்?''

இந்தக் கேள்வியோடு துப்பாக்கிக் கடைக்குப் போகிறவருக்குக் காத்திருக்கிறது ஏமாற்றம். போரைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அவருக்குச் சட்டம் வைக்கவே இல்லை.

போர் என்றால் என்ன?

துப்பாக்கிக் குழாயின் உள் அகலம்தான் போர். பாயிண்ட் 32 என்றால் ஒரு அங்குலத்தில் 100-ல் 32 பங்கு. சுமார் 8 மில்லிமீட்டர். நாம் எழுதும் பென்சிலைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். பாயிண்ட் 22 அதைவிடச் சிறிசு. ஐந்தரை மில்லிமீட்டர்தான். சினிமா வில்லன் பெயர் சொல்லி மிரட்டும் பாயிண்ட் 45, பதினொன்றரை மில்லிமீட்டர்.

இதில் ஒரு சூட்சுமம். ரிவால்வரும் பாயிண்ட் 32, பிஸ்டலும் பாயிண்ட் 32 என்பார்கள். ஆனால் தோட்டா ஒன்றல்ல! ரிவால்வர் தோட்டாவின் கூடு சுமார் 23 மில்லிமீட்டர் நீளம். பிஸ்டல் தோட்டாவின் கூடு 17 மில்லிமீட்டர். ஒன்றுக்கு வாங்கியது மற்றதற்கு உதவாது.

போலீஸ் தோட்டா பொதுமக்களுக்குக் கிடையாது

1959-ம் வருட ஆயுதச் சட்டம் துப்பாக்கிகளை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று, தடை செய்யப்பட்ட போர். மற்றது, தடை இல்லாத போர்.

ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் தோட்டா எந்தத் துப்பாக்கியில் நுழைந்து வெடிக்குமோ, அது தடைப் பட்டியலில் போய்விடும். 9 மில்லிமீட்டர், பாயிண்ட் 380, பாயிண்ட் 455, பாயிண்ட் 45 எல்லாம் அப்படித்தான் மாட்டிக்கொண்டன. சர்க்கார் கிடங்கிலிருந்து தோட்டா திருடு போனாலும், அது வெளியே உள்ள துப்பாக்கியில் ஏறக்கூடாது. அதுதான் நோக்கம்.

மிச்சம் இருப்பதில் கடையில் சாதாரணமாகக் கிடைப்பது பாயிண்ட் 32. அதற்கு அடுத்து பாயிண்ட் 22.

கான்பூரில் உள்ள சர்க்கார் தொழிற்சாலை பல வருடங்களாக பாயிண்ட் 32 ரிவால்வர் செய்துவருகிறது. டெல்லி மாணவி 2012-ல் பலாத்காரம் செய்து கொல்லப்பட்ட பிறகு, பெண்களுக்காக என்று 2014-ல் 'நிர்பீக்' என்ற ரிவால்வரை வெளியிட்டார்கள். எடை அரைக் கிலோ. விலை அப்போதே 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய்! 2023-ல் 'பிரபல்' என்று இன்னொன்று வந்தது. அதுவும் பாயிண்ட் 32-தான்.

பெரிய குண்டு என்றால் ஆள் விழுந்துவிடுவானா?

இந்தச் சர்ச்சை அமெரிக்காவில் பல காலமாக நடக்கிறது. அங்கே பல போர்களில் கைத்துப்பாக்கி கடையிலேயே கிடைக்கும்.

1986 ஏப்ரல் 11. மியாமி நகரம். வங்கிக் கொள்ளையர் 2 பேரை எப்.பி.ஐ. ஏஜெண்டுகள் 8 பேர் மடக்கினார்கள். நடுத்தெருவில் துப்பாக்கிச் சண்டை. ஒரு கொள்ளையனின் மார்பில் 9 மில்லிமீட்டர் குண்டு பாய்ந்தது. ஆனால் இருதயத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. அடிபட்டவன் விழவில்லை, தொடர்ந்து சுட்டான். ஏஜெண்டுகளில் 2 பேர் செத்தார்கள், 5 பேர் காயம் அடைந்தார்கள். கடைசியில் கொள்ளையர் இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

''9 மில்லிமீட்டர் பத்தாது'' என்று எப்.பி.ஐ. பெரிய போருக்கு மாறியது. பிறகு என்ன நடந்தது தெரியுமா? சுமார் 30 வருடம் கழித்து மறுபடியும் 9 மில்லிமீட்டருக்கே வந்துவிட்டது! புதிய ரகக் குண்டுகள் போதிய ஆழம் பாய்கின்றன. உதைப்பு குறைவாக இருப்பதால் கை நடுங்காமல் குறி வைக்க முடிகிறது. இதுதான் அவர்கள் சொன்ன காரணம்.

நம் ஊரிலும் ஒரு உதாரணம் உண்டு. 1967 ஜனவரி 12-ந் தேதி ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரை எம்.ஆர்.ராதா சுட்டார், தன்னையும் சுட்டுக்கொண்டார் என்பது வழக்கு. ராதாவுக்கு ஜெயில் தண்டனை கிடைத்தது. ஒரே அறை, பக்கத்தில் இருந்து சுட்டது. ஆனாலும் இருவரும் பிழைத்தார்கள். கழுத்தில் குண்டு பாய்ந்த எம்.ஜி.ஆர். 10 வருடம் கழித்து முதல்-அமைச்சர் ஆனார்.

ஆக, பக்கத்தில் நின்று சுட்டாலும் குண்டு எங்கே படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பயிற்சி இல்லாதவன் கையில் எந்த போரும் ஒன்றுதான். அவன் சுட்ட குண்டு பஸ் ஸ்டாப்பில் நிற்பவர் மேலும் பாயலாம்.

வேட்டைக்கு?

அமெரிக்காவில் பல மாநிலங்களில் கைத்துப்பாக்கியால் மான் வேட்டை ஆடலாம். 1955-ல் வந்த 'பாயிண்ட் 44 மேக்னம்' அந்த வேட்டைக்காரர்கள் விரும்பும் போர்.

இங்கே அந்தப் பேச்சுக்கே இடம் இல்லை. 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கதவைச் சாத்திவிட்டது. முயலானாலும் சரி, கௌதாரியானாலும் சரி, சுட்டால் வழக்கு. புலி, யானை போன்ற முதல் பட்டியல் விலங்கு என்றால் 3 முதல் 7 வருடம் ஜெயில். அபராதம் குறைந்தது 25 ஆயிரம் ரூபாய். கையில் லைசென்ஸ் இருக்கிறதே என்று சொன்னால் விடமாட்டார்கள். அது துப்பாக்கிக்குத்தான் லைசென்ஸ், வேட்டைக்கு அல்ல.

லைசென்ஸ் எளிதா?

சென்னை மாநகரில் போலீஸ் கமிஷனரிடமும், மாவட்டங்களில் கலெக்டரிடமும் மனு போடவேண்டும். வயது 21 ஆகியிருக்க வேண்டும். உயிருக்கு என்ன ஆபத்து என்று காரணம் காட்டவேண்டும். போலீசார் விசாரித்து அறிக்கை தருவார்கள். துப்பாக்கியைக் கையாளும் பயிற்சியும் தேவை. 2019-ல் வந்த திருத்தப்படி ஒருவர் 2 துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. லைசென்ஸ் 5 வருடத்துக்குச் செல்லும்.

கிடைத்த பிறகும் நிம்மதி இல்லை. தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். கல்யாண வீட்டில் குஷிக்குச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 வருடம் வரை ஜெயில், அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

''லைசென்சுக்கு அலைவானேன்? நாட்டுத் துப்பாக்கி ரகசியமாகக் கிடைக்கிறதே'' என்று நினைப்பவர்களுக்கு: லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 வருடம். தடை செய்யப்பட்ட போர் என்றால் குறைந்தது 7 வருடம், போகப் போக 14 வருடம்!

எப்போது சுடலாம்?

தற்காப்பு உரிமை சட்டத்தில் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் அதைத்தான் சொல்கின்றன. ஆனால் ஒரு கடிவாளம்: தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் கேடு செய்யக்கூடாது. கத்தியோடு பாய்கிறவனைச் சுடுவது வேறு. பையைப் போட்டுவிட்டு ஓடுகிறவன் முதுகில் சுடுவது வேறு. இரண்டாவது ஆள் செத்தால், பறிகொடுக்க இருந்த வியாபாரியே கொலை வழக்கில் கூண்டில் நிற்க நேரிடும்.

ஆகவே வியாபாரி கேட்கவேண்டியது ''எந்த போர்?'' என்று அல்ல. ''அந்த ஒரு வினாடியில் சுடலாமா, கூடாதா என்று எனக்குத் தெரியுமா? வீட்டில் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைப்பேனா?'' என்பதுதான். இதற்கு 'ஆம்' என்று சொல்ல முடியாதவருக்கு வேறு வழிகள் இருக்கின்றன. பணத்தைப் பகலிலேயே பாங்கியில் கட்டலாம். தினமும் ஒரே நேரத்தில் ஒரே தெருவில் போகாமல் இருக்கலாம். கடைப் பையனைத் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் லைசென்ஸ் வேண்டாம்.