அழகான படமும் அளவான அறையும்

இன்னும் அமைக்கப்படாத ஓர் அறையை, வர்ணம் பூசித் தளபாடங்களும் இட்டு முடித்தது போலப் படமாகக் காட்டுவதை ரெண்டரிங் என்பர். முன்பு இது கட்டடக் கலைஞர்களின் வேலை. செயற்கை நுண்ணறிவு வந்த பின் கைத்தொலைபேசி வைத்திருக்கும் எவரும் சொற்ப நேரத்தில் இத்தகைய படத்தைப் பெறலாம். ஆனால் எல்லாக் கருவிகளும் ஒரே வேலையைச் செய்வதில்லை. பாரிசவாதத்திற்குப் பின் சக்கர நாற்காலியில் இருக்கும் எங்கள் உம்மம்மாவுக்கு ஓர் அறையை ஒழுங்குபடுத்த வேண்டி வந்தபோது இவற்றைப் பற்றித் தேடிப் படித்தேன். அறிந்தவற்றைச் சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் பழைய முறையைப் பார்ப்போம். 1986இல் ஜேம்ஸ் கஜியா என்ற கணினி அறிஞர், ஒளி மேற்பரப்புகளில் பட்டுத் தெறிப்பதை ஒரு சமன்பாடாக எழுதினார். பிளெண்டர் என்ற இலவச மென்பொருளிலுள்ள சைக்கிள்ஸ், கட்டடக் கலைஞர்கள் பயன்படுத்தும் வி-ரே ஆகியன இந்த அடிப்படையிலேயே இயங்குகின்றன. சுவர், யன்னல், கட்டில் அனைத்தையும் நாமே அளவுப்படி அமைத்துக் கொடுக்க வேண்டும். பின்னர் கணினி ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டுப் படத்தைத் தரும். வேலையும் நேரமும் அதிகம். ஆனால் கொடுத்த அளவு மாறாது.

செயற்கை நுண்ணறிவு இவ்வாறு கணக்கிடுவதில்லை. அது கோடிக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகியது. தொலைக்காட்சியில் அலைவரிசை கிடைக்காதபோது தோன்றும் புள்ளிக் கூட்டத்தைப் போன்ற ஒன்றிலிருந்து தொடங்கி, படிப்படியாகப் புள்ளிகளை நீக்கி, ‘ஓர் அறை இப்படித்தான் இருக்கும்’ என ஊகித்துப் படத்தை உருவாக்குகிறது. அந்த ஊகத்திற்கு நாம் எவ்வளவு கடிவாளம் இடலாம் என்பதைக் கொண்டு இக்கருவிகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

ஒன்று, சொல்லிலிருந்து படம் தருபவை. 2022இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட மிட்ஜேர்னி இதற்கு உதாரணம். ‘இளம்பச்சைச் சுவர், மரக் கட்டில், காலை வெயில்’ என ஆங்கிலத்தில் எழுதினால் கண்ணைக் கவரும் படம் வரும். ஆனால் அது நம் அறையன்று. எங்குமே இல்லாத ஓர் அறை.

இரண்டு, புகைப்படத்தைப் பின்பற்றுபவை. ஸ்டேபிள் டிஃபியூஷன் என்ற திறந்த மாதிரியுடன் 2023இல் வெளிவந்த கன்ட்ரோல்நெட்டை இணைத்தால், நாம் கொடுக்கும் புகைப்படத்தின் விளிம்புகளையும் நேர்கோடுகளையும் ஆழத்தையும் அது வழிகாட்டியாகக் கொள்ளும். சுவரும் யன்னலும் பெரும்பாலும் தம் இடத்தில் நிற்கும். எனினும் அதற்கு அடிக்கணக்குத் தெரியாது.

மூன்று, முப்பரிமாண வரைபடத்தின் மேல் இயங்குபவை. ஸ்கெச்அப், ரெவிட் போன்ற மென்பொருள்களுடன் இணையும் வேராஸ் இவ்வகை. வரைந்த வடிவத்தைக் கருவி எந்த அளவுக்கு மாற்றலாம் என்பதை நாமே கூட்டிக் குறைக்கலாம். குறைத்து வைத்தால் வரைந்த வடிவத்தை ஒட்டியே படம் அமையும்.

எங்கள் அறை 10 அடி நீளம், 9 அடி அகலம். அறையின் புகைப்படத்தை ஓர் இணையக் கருவியில் இட்டுப் பார்த்தோம். ஒரு பக்கச் சுவரோரம் கட்டில், எதிர்ச் சுவரோரம் அலுமாரி, நடுவில் விரிப்பு. உம்மாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. அதே அமைப்பை நான் கொப்பியில் அளவுடன் கீறினேன். கட்டிலின் அகலம் 3 அடி, அலுமாரியின் ஆழம் 2 அடி. நடுவில் எஞ்சுவது 4 அடி. சக்கர நாற்காலி முழுமையாகத் திரும்ப 5 அடி விட்டமுள்ள இடம் தேவை என அமெரிக்க அணுகல் தரங்கள் கூறுகின்றன. அப்படத்தின்படி அமைத்தால் உம்மம்மா உள்ளே வரலாம். எவரையும் கூப்பிடாமல் திரும்பிக் குளியலறைக்குப் போக முடியாது.

ஆகவே, அலுமாரியைக் கட்டிலின் கால்மாட்டில் அதே சுவரோடு வைத்துக் கீறினேன். கட்டிலின் நீளம் ஆறேகால் அடி, அலுமாரியின் அகலம் 3 அடி. 10 அடிச் சுவருக்குள் இரண்டும் அடங்கின. எதிர்ப்பக்கம் 6 அடி இடம் கிடைத்தது. படத்தில் கதவின் அகலமும் தெரியாது. சக்கர நாற்காலிக்கு 32 அங்குலத் திறப்பாவது வேண்டும். அதை நாடாவால்தான் அளக்க முடியும்.

வெளிச்சமும் அப்படியே. பிளெண்டரில் ஊரையும் நேரத்தையும் கொடுத்து வெயில் எப்பக்கம் விழும் எனப் பார்க்கலாம். செயற்கை நுண்ணறிவோ அழகான இடத்தில் வெயிலை வைக்கும். மேற்கு யன்னலின் பின்னேர வெக்கை அதற்குத் தெரியாது. மேலும், ஸ்டேபிள் டிஃபியூஷன் முதலில் கற்றது பெரும்பாலும் ஆங்கில விளக்கமுள்ள இணையப் படங்களையே. நாம் கேட்காவிடின் நுளம்பு வலையும் மின்விசிறியும் வருமென எதிர்பார்க்க முடியாது.

இதனால் இக்கருவிகள் பயனற்றவை என்பதல்ல. சுவருக்கு எந்த வர்ணம், திரைச்சீலைக்கு எந்தத் துணி என்று வீட்டாரிடையே பேச்சு வரும்போது பத்துப் படங்களைக் காட்டித் தீர்மானிக்க இவற்றைவிட இலகுவான வழியில்லை. இளம்பச்சையை உம்மம்மா தெரிவு செய்ததும் அப்படித்தான். வர்ணத்தை ஊகிக்க விடலாம்; வழியை ஊகிக்க விடக்கூடாது. முதலில் நாடா, பின்னர் கொப்பி, அதன் பின்னரே படம். வேலைக்கு வரும் பாஸிடம் படத்தைக் காட்டுங்கள். ஆனால் அவர் கையில் அளவு எழுதிய தாளைக் கொடுங்கள்.