கறுப்பினப் பெண்ணின் உடலும் அமெரிக்க மூலதனமும்

பிறக்கும் குழந்தை அடிமையா, சுதந்திர மனிதரா என்பதைத் தாயின் நிலையே தீர்மானிக்கும் என்று 1662-ஆம் ஆண்டு வர்ஜீனியாவில் ஒரு சட்டம் வந்தது. அன்றைய ஆங்கிலேயச் சட்டத்தில் பிள்ளையின் தகுதி தகப்பன் வழியில்தான் வரும். ஆங்கிலேயத் தந்தைக்கும் கறுப்பினத் தாய்க்கும் பிறந்த எலிசபெத் கீ என்ற பெண், அந்த வழக்கத்தைக் காட்டி வாதாடி 1650-களில் விடுதலை பெற்றிருந்தார். இன்னொருவர் அப்படி வெளியேறிவிடாதபடி புதிய சட்டம் வாசலை அடைத்தது. வெள்ளை எஜமானன் தன் அடிமைப் பெண்ணை வல்லுறவு செய்து குழந்தை பிறந்தால், அவனுக்குத் தகப்பன் என்ற பொறுப்பு கிடையாது. குழந்தை அவனுடைய சொத்தாகிவிடும். குற்றவாளிக்கு ஆதாயம் தரும் சட்டம் அது. பாலியல் வன்முறை, இனவெறி, முதலாளியம் மூன்றையும் தனித்தனியே ஆராய்ந்தால் எதுவும் விளங்காது என்று கறுப்பினப் பெண்ணியவாதிகள் வலியுறுத்துவதன் வேர் இந்தச் சட்டத்தில் இருக்கிறது.

1808-இல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வதற்கு அமெரிக்கா தடை விதித்தது. அதே காலத்தில் தென்மாநிலங்களில் பருத்தித் தோட்டங்கள் விரிந்துகொண்டிருந்தன. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் பருத்தி கேட்டபடி இருந்தன. இனி அடிமைகள் உள்நாட்டில்தான் பிறக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு குழந்தை பெறும் பெண், பண்ணையின் மிகச் சிறந்த ஆண் தொழிலாளியைவிட லாபமானவள் என்று 1820-இல் ஒரு கடிதத்தில் கணக்குப் போட்டவர், மனிதர் அனைவரும் சமம் என்ற சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்சன். 1810-இல் ஏறத்தாழ 12 லட்சமாக இருந்த அடிமைகளின் எண்ணிக்கை 1860-இல் 39 லட்சத்தைத் தாண்டியது. அந்தப் பெருக்கம் முழுவதும் வல்லுறவால் வந்ததல்ல. ஆனால் பெண்ணின் கருப்பை கணக்குப் புத்தகத்தில் ஏறிய ஓர் ஏற்பாட்டில், அவளுடைய சம்மதம் என்பதற்குச் சட்டத்தில் இடமே இருக்கவில்லை.

இதை மிகத் தெளிவாகக் காட்டும் வழக்கு மிசூரி மாநிலத்தில் 1855-இல் நடந்தது. சீலியா என்ற பெண்ணை ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு பண்ணையார் விலைக்கு வாங்கியிருந்தார். அப்போது அவளுக்கு வயது சுமார் 14. வாங்கி வீட்டுக்குக் கொண்டுவரும் வழியிலேயே தொடங்கிய வல்லுறவு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. கருவுற்றிருந்த நிலையில், தன்னை விட்டுவிடும்படி சீலியா மன்றாடினாள். அவர் கேட்கவில்லை. ஜூன் மாத இரவொன்றில் மறுபடியும் வந்தவரை அவள் அடித்துக் கொன்றாள். எந்தப் பெண்ணையும் கட்டாயப்படுத்திக் கற்பழிப்பது குற்றம் என்று மிசூரிச் சட்டம் சொல்கிறதே, தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை இவளுக்கும் உண்டே என்று அவளுடைய வழக்கறிஞர்கள் வாதிட்டார்கள். அந்த வாதத்தை ஜூரிகள் முன் வைக்கவே நீதிபதி மறுத்துவிட்டார். ‘எந்தப் பெண்ணும்’ என்பதற்குள் அடிமைப் பெண் அடங்கவில்லை. 1855 டிசம்பர் 21 அன்று சீலியா தூக்கிலிடப்பட்டாள். சொத்தாகக் கருதப்பட்டவள், குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படும்போது மட்டும் மனுஷியாக எண்ணப்பட்டாள்.

அடிமைமுறை 1865-இல் ஒழிந்தபின் இரண்டு பொய்கள் கைகோத்து நடந்தன. கறுப்பின ஆண் வெள்ளைப் பெண்ணுக்கு எப்போதும் ஆபத்தானவன் என்பது ஒன்று. கறுப்பினப் பெண் ஒழுக்கமற்றவள், ஆகவே அவளை யாரும் வல்லுறவு செய்ய முடியாது என்பது மற்றது. முதல் பொய்யின் பேரில் கறுப்பின ஆண்களைக் கும்பல்கள் மரத்தில் தொங்கவிட்டன, உயிரோடு எரித்தன. 1877-க்கும் 1950-க்கும் இடையே இப்படிக் கொல்லப்பட்டவர்கள் 4,000-க்கும் மேல்.

இந்தக் கொலைகளின் உள்காரணத்தைத் தோண்டி எடுத்தவர் ஐடா பி. வெல்ஸ். 1862-இல் அடிமையாகப் பிறந்து, ஆசிரியராகி, பிறகு மெம்ஃபிஸ் நகரில் பத்திரிகை நடத்தியவர். 1892 மார்ச்சில் அவருடைய நண்பர் தாமஸ் மாஸும் வேறு இருவரும் அந்நகரில் கொல்லப்பட்டார்கள். அவர்கள் மேல் வல்லுறவுக் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அவர்கள் நடத்திய மளிகைக் கடை, அருகிலிருந்த வெள்ளையர் கடையின் வியாபாரத்தைக் குறைத்திருந்தது; பகை அங்கேதான் தொடங்கியது. வெல்ஸ் மற்ற கொலைகளையும் விசாரிக்கப் புறப்பட்டார். எட்டு ஆண்டுகளில் கும்பல்களால் கொல்லப்பட்ட 728 கறுப்பினத்தவரில் மூன்றில் ஒரு பங்கினர் மீதுதான் வல்லுறவுக் குற்றச்சாட்டே இருந்தது என்று, வெள்ளையர் பத்திரிகைகள் வெளியிட்ட கணக்கைக் கொண்டே அவர் எழுதினார். அவர் ஊரில் இல்லாத நேரத்தில் ஒரு கும்பல் அவருடைய பத்திரிகை அலுவலகத்தை நொறுக்கியது. மெம்ஃபிஸுக்குத் திரும்பினால் உயிர் போகும் என்ற மிரட்டல் வந்தது. கொலைகளுக்குப் பின்னால் பொருளாதாரப் போட்டி இருப்பதையும், அதே மாநிலங்களில் வெள்ளை ஆண்கள் கறுப்பினப் பெண்களை வல்லுறவு செய்துவிட்டுத் தண்டனையின்றித் திரிவதையும் அவர் ஒரே எழுத்தில் சேர்த்துக் காட்டினார். பின்னால் வந்த கறுப்பினப் பெண்ணியச் சிந்தனைக்கு அது ஓர் அடித்தளம்.

நீதிமன்றங்களும் கும்பல்களின் வழியிலேயே நடந்தன. 1930-க்குப் பின் அமெரிக்காவில் வல்லுறவுக் குற்றத்துக்காக மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட 455 பேரில் 405 பேர் கறுப்பினத்தவர். மறுபக்கம், 1944-இல் அலபாமாவில் ரீசி டெய்லர் என்ற இளந்தாயை ஆறு வெள்ளை இளைஞர்கள் கடத்தி வல்லுறவு செய்தார்கள். அவர்களை விசாரணைக்கு அனுப்ப இரண்டு ஜூரிக் குழுக்கள் மறுத்தன. அந்த வழக்குக்காக ஊர் ஊராக ஆதரவு திரட்டியவர் ரோசா பார்க்ஸ். பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்தவராக உலகம் அறிந்த அதே பெண்தான். அலபாமா சட்டமன்றம் டெய்லரிடம் மன்னிப்புக் கேட்டது 2011-இல்.

1970-களில் அமெரிக்கப் பெண்ணிய இயக்கம் வல்லுறவைப் பொதுவிவாதமாக்கியது. 1975-இல் வெளியான சூசன் பிரவுன்மில்லரின் நூல், வல்லுறவு என்பது காமத்தின் விளைவு அல்ல, ஆதிக்கத்தின் கருவி என்று நிறுவியது. அது பெரும் பணி. ஆனால் அந்த நூல் கறுப்பின ஆணைப் பற்றிய பழைய பொய்யைத் தொட்டும் தொடாமலும் உயிர்ப்பிக்கிறது என்று ஆஞ்சலா டேவிஸ் கடுமையாக விமர்சித்தார். டேவிஸ் கம்யூனிஸ்ட், தத்துவப் பேராசிரியர். கொலை வழக்கில் சிறையிலிருந்து 1972-இல் விடுதலையானவர். 1981-இல் வெளியான ‘பெண்கள், இனம், வர்க்கம்’ என்ற நூலில் அவர் ஒரு கேள்வியை எழுப்புகிறார். நடக்கும் வல்லுறவுகளில் சிறு பகுதியே புகாராகிறது. புகாராகாத குற்றங்களைச் செய்த முகமற்ற ஆண்கள் யார்? பதவியும் செல்வமும் காக்கும் ஆண்கள் அவர்களில் இல்லையா? தொழிலாளியின் உழைப்பின் மேல் அதிகாரம் பெற்றவன், அவளுடைய உடலின் மேலும் அதிகாரம் இருப்பதாக எண்ணிக்கொள்கிறான் என்பது அவருடைய வாதத்தின் மையம்.

இந்த வாதத்துக்கு அக்கால அமெரிக்காவே சான்று தந்தது. வட கரோலினாச் சிறையில் தன்னைப் பலாத்காரம் செய்ய வந்த காவலரைக் குத்திக் கொன்ற ஜோன் லிட்டில் என்ற கறுப்பினப் பெண், நாடு தழுவிய இயக்கத்தின் துணையோடு 1975-இல் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார். சீலியாவுக்கு மறுக்கப்பட்ட வாதம் 120 ஆண்டுகளுக்குப் பின் ஒரு கறுப்பினப் பெண்ணுக்குக் கிட்டியது.

பாஸ்டனைச் சேர்ந்த கோம்பாகீ ஆற்றுக் குழு என்ற கறுப்பினப் பெண்ணியவாதிகள், தங்கள் மேல் விழும் ஒடுக்குமுறைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன என்று 1977-இல் அறிக்கை வெளியிட்டார்கள். சட்டப் பேராசிரியர் கிம்பர்லி கிரென்ஷா 1989-இல் இதற்குச் சட்ட மொழி கொடுத்தார். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு எதிராக ஐந்து கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கை அவர் எடுத்துக்கொண்டார். ஆலையில் கறுப்பின ஆண்களும் அலுவலகத்தில் வெள்ளைப் பெண்களும் வேலையில் இருந்தார்கள். இனப்பாகுபாடு என்றோ பால்பாகுபாடு என்றோ தனித்தனியே வழக்காடலாம், இரண்டையும் சேர்த்து வழக்காட முடியாது என்றது நீதிமன்றம். இரண்டும் சேர்ந்து விழும் இடத்தில் நின்றவர்கள் சட்டத்தின் கண்ணில் படவில்லை.

பணியிடத்தில் பாலியல் தொல்லை பாகுபாட்டுக் குற்றமே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் முதன்முதலில் தீர்ப்பளித்ததும் ஒரு கறுப்பினப் பெண்ணின் வழக்கில்தான். வங்கி ஊழியர் மிஷெல் வின்சன் தொடுத்த அந்த வழக்கில் 1986-இல் தீர்ப்பு வந்தது. ஆயினும் வழக்குப் போடக் கூலி இழக்கும் துணிவு வேண்டும். உணவகத்தில் பரிமாறும் பெண்ணுக்கு முதலாளி தரவேண்டிய கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர், 1991 முதல் அது உயரவில்லை. மீதி, வாடிக்கையாளர் தரும் டிப்ஸ். தகாத பேச்சையும் தொடுதலையும் சகித்துக்கொள்பவருக்கே அன்றைய வருமானம் என்றால், அந்தச் சகிப்பைச் சம்மதம் என்று யாரும் சொல்லக் கூடாது.

தரானா பர்க் 2006-இல் ‘மீ டூ’ என்ற பெயரில் வேலையைத் தொடங்கியபோது அவர் முன் இருந்தவர்கள் ஏழைக் கறுப்பினச் சிறுமிகள். 2017-இல் ஹாலிவுட் நடிகைகள் பேசியபின்தான் அந்தப் பெயர் உலகெங்கும் சென்றது. அப்போது விவசாயத் தொழிலாளிப் பெண்களின் அமைப்பொன்று ஏழு லட்சம் பெண்கள் சார்பில் நடிகைகளுக்கு ஆதரவுக் கடிதம் எழுதியது; வயல்களிலும் பொதிகட்டும் கூடங்களிலும் தங்களுக்கு நடப்பதும் அதுவே என்றது.

அமெரிக்கப் பெண்ணியவாதிகளிடையே தீராத சர்ச்சை ஒன்றும் உண்டு. கடும் தண்டனையும் கூடுதல் காவலும் தீர்வு என்போர் ஒருபுறம். காவல்துறையும் சிறையுமே கறுப்பினக் குடும்பங்களைச் சிதைத்தவை, அவற்றிடம் பாதுகாப்பை ஒப்படைக்க முடியாது என்று டேவிஸ் உள்ளிட்டோர் மறுபுறம். பாதிக்கப்பட்ட பெண்ணுக்குக் கூலியும் குடியிருப்பும் சங்கமும் உறுதியாக இருந்தால்தான் அவளால் புகார் சொல்லவும் வெளியேறவும் முடியும் என்பதில் பெரும்பாலும் இருதரப்பும் ஒன்றுபடுகின்றன.

அந்த உறுதி இன்னும் வரவில்லை. 1938-இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வீட்டு வேலையாட்களை விலக்கி வைத்தது. அவர்களில் மிகப் பலர் கறுப்பினப் பெண்கள். 1974-இல்தான் அவர்கள் அதற்குள் வந்தார்கள். நியூயார்க் போன்ற சில மாநிலங்கள் 2010 முதல் தனிச் சட்டம் இயற்றியுள்ளன. ஆனால் பாலியல் தொல்லைக்கு எதிரான கூட்டாட்சிச் சட்டம் 15 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகளுக்கே பொருந்தும். ஒரு வீட்டில் தனியாகச் சமைத்துத் துடைக்கும் பெண் இன்றும் அதற்கு வெளியேதான் நிற்கிறாள்.