எண்ணெயாகிப்போன சாட்சி

வாராவாரம் சொல்கிற பரமண்டல ஜெபத்தில் புரியாத சொல் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். உட்காருங்கள், டீ வரட்டும்.

ஆகாரம் கேட்கிற வரியைப் பாருங்கள். பழைய புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் அது 'வேண்டிய' ஆகாரம். கத்தோலிக்கர் ஜெபத்தில் 'அன்றாட' உணவு. இரண்டுக்கும் மூலம் ஒரே கிரேக்கச் சொல்தான்: எபியூசியோஸ். மத்தேயு 6:11, லூக்கா 11:3 இரண்டையும் விட்டால் வேதத்தில் வேறெங்கும் கிடையாது. 'திதாக்கே' என்ற ஆதிச்சபைக் கையேட்டில் இருக்கிறது. அங்கேயும் இதே ஜெபம்தான். கிரேக்கத்திலேயே படித்து எழுதி வாழ்ந்த ஒரிகன், 3ஆம் நூற்றாண்டிலேயே கையை விரித்துவிட்டார்: புலவர்களும் எழுதவில்லை, ஜனங்களும் பேசவில்லை, சுவிசேஷகர்களே உண்டாக்கிய சொல்லாக இருக்கவேண்டும் என்றார்.

எப்படிப் பிரிப்பது? 'எபி' என்றால் மேல். 'ஊசியா' என்றால் இருப்பு, பொருள். சேர்த்தால் 'உயிர் தரிக்கத் தேவையான' என்றும் சொல்லலாம், 'பொருளுக்கு அப்பாற்பட்ட' என்றும் சொல்லலாம். லத்தீன் வேதாகமத்தைச் செப்பனிட்ட ஜெரோம் மத்தேயுவில் இந்த இரண்டாவதை எழுதிவிட்டு, லூக்காவில் அதே சொல்லை 'அன்றாட' என்றே விட்டுவைத்தார். ஒரே ஆள், ஒரே சொல், இரண்டு அர்த்தம்!

இங்கே ஒரு சந்தி இலக்கணச் சங்கதி. இகரத்தை அடுத்து ஊகாரம் வந்தால் தமிழில் நடுவே யகரம் நுழையும். அதனால்தான் 'எபியூசியோஸ்' என்று எழுதுகிறோம். கிரேக்கத்தில் பெரும்பாலும் அந்த இகரமே விழுந்துவிடும், 'எபூசியோஸ்' ஆகியிருக்கவேண்டும். விழவில்லை. ஆகவே வேர் 'ஊசியா' அல்ல, 'வருதல்' என்ற வினை என்கிறார்கள் பலர். அப்போஸ்தலர் நடபடிகளில் 'எபியூசா' என்றாலே மறுநாள். அப்படியானால் நாம் கேட்பது நாளைய ரொட்டி. 'எபிரெயர் சுவிசேஷம்' என்ற பழைய நூலில் அந்த இடத்தில் 'மாகார்', அதாவது 'நாளை', இருந்ததாக ஜெரோமே எழுதிவைத்திருக்கிறார். என் ஓட்டும் இதற்குத்தான். நாளைக்காகக் கவலைப்படாதே என்று அதே அதிகாரம் சொல்வது இடிக்கிறதே என்பீர்கள். இடிக்கத்தான் செய்கிறது. ஆனால் யூதருக்கு நாள் பிறப்பது அந்தியில். அவர்களுடைய நாளை, இன்று பொழுது சாயும்போதே வந்துவிடும்.

டீ ஆறுகிறது, குடியுங்கள்.

இந்தச் சொல் ஜெபத்துக்கு வெளியேயும் வழங்கியதற்குச் சாட்சி ஒன்று அகப்பட்டதாக ஒரு காலத்தில் சந்தோஷப்பட்டார்கள். எகிப்தின் ஹவாராவில் கிடைத்த பாப்பிரஸ் துண்டு அது. நம் மளிகைச் சிட்டை மாதிரி வீட்டுச் செலவுக் கணக்கு. 1889இல் அச்சானபோது அதில் 'எபியூசி' என்ற எழுத்துகள் தெரிவதாகப் போட்டிருந்தார்கள். அன்றாடப் படி என்று அர்த்தம் செய்து அகராதியிலும் ஏற்றியாயிற்று. பிறகு துண்டு காணாமல் போனது. 1998இல் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் மறுபடி அகப்பட்டது. கண்ணை ஊன்றிப் படித்தால் அது 'எலாயூ'. எண்ணெய்! நூறு வருஷத்துச் சாட்சி எண்ணெய்ச் செலவாகப் போயிற்று.

சீரியாக்காரர்களின் வேதாகமமான பெஷித்தா இந்தச் சொல்லுக்கு 'எங்கள் தேவைக்குரிய' என்கிறது. நம் 'வேண்டிய' அதன் பக்கத்தில்தான் நிற்கிறது. ஆனால் தமிழில் வேண்டுவது என்றால் தேவைப்படுவதும்தான், இறைஞ்சிக் கேட்பதும்தான். இந்த இரட்டை அர்த்தம் கிரேக்கச் சொல்லில் இல்லை. மொழிபெயர்த்தவர் அதை நினைத்துத்தான் போட்டாரா என்று கேட்காதீர்கள், இன்னொரு டீ சொல்லவேண்டிவரும்.