சுற்றுலாவில் எதிர்பார்ப்பும் அனுபவமும்: பயணிக்கும் மாணவருக்கும் ஒரே அளவுகோல்

பாலக்காடு: தமிழகத்தை ஒட்டியுள்ள கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்ட மலைப்பகுதிகளில் சுற்றுலா முக்கிய வாழ்வாதாரங்களுள் ஒன்றாகும். அங்கு வரும் பயணி மனநிறைவுடன் திரும்புவாரா, விருந்தோம்பல் துறையைப் படிக்கும் மாணவர் அதில் நீடிப்பாரா என்ற இரு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில் உள்ளது. அது, எதிர்பார்ப்புக்கும் அனுபவத்துக்கும் இடையிலான இடைவெளி.

இந்த இடைவெளியை அளவிட உதவுவது 'சர்வ்குவால்' முறை. சென்னை ஐஐடியில் பயின்ற பேராசிரியர் ஏ.பரசுராமன், அமெரிக்காவில் வலேரி சைத்தாமல், லியோனார்ட் பெர்ரி ஆகியோருடன் இணைந்து 1988-ஆம் ஆண்டு இதனை வெளியிட்டார். வசதிகளின் தோற்றம், நம்பகத்தன்மை, உடனடி உதவி, பாதுகாப்புணர்வு, தனிக்கவனம் ஆகிய 5 அம்சங்கள் குறித்து 22 கூற்றுகள் இதில் உள்ளன. வாடிக்கையாளர் எதிர்பார்த்ததும் பெற்றதும் தனித்தனியே மதிப்பிடப்படுகின்றன.

பாலக்காடு மாவட்டத்தின் பரம்பிக்குளம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2010-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இப்பகுதிக்குப் பொள்ளாச்சி, சேத்துமடை வழியாகவே வாகனங்கள் செல்கின்றன. பழங்குடியினர் பலர் இங்கு வழிகாட்டிகளாக உள்ளனர். புலியைக் காணலாம் என்ற உறுதியுடன் அழைத்து வரப்படுபவர், புலி தென்படாவிட்டால் ஏமாற்றமடைவார். காட்டில் எதற்கும் உத்தரவாதம் இல்லை என்பதை முன்பே அறிந்து வருபவருக்கோ, பழமையான கன்னிமாரா தேக்கு மரமும் வழிகாட்டி சொல்லும் காட்டுச் செய்திகளுமே நிறைவளிக்கக்கூடும்.

எனினும், பயணியின் மதிப்பீடு மட்டுமே போதுமானதன்று. இடுக்கி மாவட்டம் தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். படகின் உறுதியைக் கரையில் நிற்கும் பயணியால் கணிக்க இயலாது. அத்தகைய பாதுகாப்பை உறுதி செய்வது சேவை வழங்குவோரின் கடமை.

மாணவர்களிடமும் இதே இடைவெளி காணப்படுகிறது. ஸ்காட்லாந்தில் 1993-இல் வெளியான ஆய்வில், புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் இத்துறையை உயர்வாகக் கருதியதும், பணிப் பயிற்சி முடித்தோரிடம் அந்த எண்ணம் வெகுவாகக் குறைந்திருந்ததும் தெரியவந்தது. துருக்கியில் 2000-இல் வெளியான ஆய்வு நீண்ட பணிநேரம், குறைந்த ஊதியம், குடும்ப வாழ்வுக்கு நேரமின்மை ஆகியவற்றைச் சுட்டிக்காட்டியது.

இவ்விரு இடைவெளிகளும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. மூணாறிலோ குமுளியிலோ விடுமுறைக் கால நெரிசலில் ஓய்வின்றி உழைக்கும் பயிற்சி மாணவரிடம் உடனடி உதவியையும் தனிக்கவனத்தையும் எதிர்பார்ப்பது கடினம். அவர் துறையை விட்டு விலகினால், அடுத்த பயணியை வரவேற்பவர் அனுபவமற்ற மற்றொருவராகவே இருப்பார்.

ஆகவே, சேர்க்கையின்போதே பணிநேரத்தையும் பயிற்சிக் கால ஊதியத்தையும் கல்லூரிகள் தெளிவாகக் கூறுவதும், முன்பதிவின்போதே கிடைக்கக்கூடியதை மட்டும் விடுதிகளும் முகவர்களும் உறுதியளிப்பதும் இடைவெளியைக் குறைக்கும் எளிய வழிகளாகும்.