கடிதத்தின் பொருளைத் தீர்மானிக்கும் சிறு சொற்கள்: ஸ்பானிய மொழியின் இணைப்புச் சொற்கள்

ஸ்பெயின் நாட்டு நகர மன்றம் அனுப்பும் ஒரு கடிதத்தில் பின்வரும் வரி இருப்பதாகக் கொள்வோம்: 'போத்ரா சொலிசிதார் லா அயுதா சியெம்ப்ரே கே எஸ்தே எம்பத்ரொனாதோ.' மொழியைப் புதிதாகக் கற்பவர் அகராதியைப் புரட்டுவார். 'அயுதா' என்றால் உதவி. 'சொலிசிதார்' என்றால் விண்ணப்பித்தல். 'சியெம்ப்ரே' என்றால் எப்போதும். ஆகவே உதவித்தொகைக்கு எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம் என்று எண்ணி நிம்மதி அடைவார். கடிதம் சொல்வது அதுவன்று. 'சியெம்ப்ரே' என்பதை அடுத்து 'கே' வந்து, அதன்பின் வரும் வினை 'எஸ்தா' என்றிராமல் 'எஸ்தே' என மாறியிருந்தால், அத்தொடர் நிபந்தனையைக் குறிக்கும். நகரக் குடியிருப்பாளர் பதிவேட்டில் தங்கள் பெயர் இருந்தால் மட்டுமே விண்ணப்பிக்க இயலும் என்பதே அவ்வரியின் பொருள். பதிவு செய்யாதவர் அவ்வரியைத் தவறாகப் புரிந்துகொண்டால், உதவித்தொகையை இழக்க நேரிடும்.

இத்தகைய இணைப்புச் சொற்கள் தமிழருக்கு எளிதில் கண்ணில் படாமைக்கு ஒரு காரணம் உண்டு. தமிழில் இணைப்பு பெரும்பாலும் வினையின் இறுதியில் ஒட்டி நிற்கும். 'வந்தால்', 'வந்தாலும்', 'வந்ததால்', 'வரும்வரை' ஆகியவற்றில் நிபந்தனையும் காரணமும் எல்லையும் சொல்லின் வாலில்தான் உள்ளன. ஸ்பானிய மொழியிலோ அவை தனிச்சொற்களாக, வாக்கியப் பகுதியின் தலையில் நிற்கும்: 'சி' வந்தால் நிபந்தனை, 'போர்கே' வந்தால் காரணம், 'ஆஸ்தா கே' வந்தால் காலத்தின் எல்லை. நாம் இயல்பாகவே வாக்கியத்தின் முடிவை நோக்கி விரைந்து படிக்கிறோம். ஸ்பானியக் கடிதத்தில் ஒவ்வொரு பகுதியின் முதல் இரண்டு சொற்களிலேயே நிதானிக்க வேண்டும். (இங்குக் கூறிய 'ஆஸ்தா', அரபு மொழியின் 'ஹத்தா' என்னும் சொல்லிலிருந்து வந்தது. அரபு பயின்ற வாசகர்களுக்கு அது பழகிய சொல்லாகவே தோன்றும்.)

அதிக இழப்பை உண்டாக்கக்கூடியது 'ரெகெரிமியெந்தோ' எனப்படும் கடிதம். தங்கள் விண்ணப்பத்தில் ஓர் ஆவணம் குறைவாக இருந்தால் அலுவலகம் இதனை அனுப்பும். 39/2015 எண் சட்டத்தின்படி, குறையைச் சரிசெய்யப் பொதுவாக 10 நாள் தரப்படும். அதற்குள் சரிசெய்யாவிடில், விண்ணப்பத்தை விண்ணப்பதாரரே கைவிட்டதாகக் கருதுவர். இக்கடிதத்தில் இரு தொடர்களைத் தேடுங்கள். ஒன்று 'சி நோ'. மற்றொன்று 'தே லோ கொந்த்ராரியோ'. இரண்டும் 'இல்லையேல்' என்று பொருள்படும். அவற்றை அடுத்து வருவது எச்சரிக்கையே. நாட்கணக்கில் 'ஆபிலெஸ்' என்றிருந்தால் சனி, ஞாயிறு, விடுமுறை நாட்கள் சேரா; 'நாத்துராலெஸ்' என்றிருந்தால் எல்லா நாட்களும் சேரும்.

'சி நோ' என இரு சொல்லாக எழுதப்படுவதும், 'சீனோ' என ஒரே சொல்லாக எழுதப்படுவதும் வேறு வேறு. பின்னது, முன் சொன்னதை மறுத்து வேறொன்றை அதன் இடத்தில் வைப்பது: 'நோ எஸ் எல் லூனெஸ், சீனோ எல் மார்த்தெஸ்', அதாவது திங்கட்கிழமை அன்று, செவ்வாய்க்கிழமை. இங்கே 'பேரோ' என்று சொன்னால் பிழையாகும். தமிழில் 'ஆனால்' இரண்டு இடத்திலும் பொருந்திவிடுவதால் நம்மவர் பலர் இங்குத் தடுமாறுவதுண்டு.

'எம்பார்கோ' என்னும் சொல்லைக் கண்டு அஞ்சுவோரும் உளர். அச்சம் காரணமற்றதன்று. 'திலிஹென்சியா தே எம்பார்கோ' என்பது கடனுக்காக ஊதியத்தையோ வங்கிக் கணக்கையோ முடக்கும் ஆணை. அதைக் கண்டால் அன்றே ஆலோசனை பெறுங்கள். ஆனால் அச்சொல்லுக்கு முன் 'சின்' இருந்தால், 'சின் எம்பார்கோ' என்பது வெறுமனே 'எனினும்' என்று பொருள்படும். அலுவலகக் கடிதங்களில் அதே பொருளில் 'நோ ஒப்ஸ்தாந்தே' என்பதும் வரும். இவ்விரண்டில் எது வந்தாலும், முன் வரியில் படித்த நற்செய்திக்கு ஏதோ ஒரு வரம்பு பின்தொடரப் போகிறது என்று கொள்க. மறுப்பாணைகளின் அடியில் 'ஓ பியென்' என்பதைக் காணலாம். 'அல்லது இவ்வழியிலும்' என்பது அதன் பொருள். மேல்முறையீட்டுக்கு வேறொரு வழியும் உள்ளது என்பதை அது உணர்த்துகிறது. அவ்வழிக்கான காலவரம்பு பெரும்பாலும் வேறாக இருக்கும்.

சில இடங்களில் தமிழே நமக்குத் துணை. 'ஔன்கே' என்னும் சொல் இரு விதமாக வரும். 'ஔன்கே யுவேவே' என்றால் 'மழை பெய்கிறபோதிலும்': மழை உண்மையில் பெய்கிறது. 'ஔன்கே யுவேவா' என்றால் 'மழை பெய்தாலும்': பெய்யலாம், பெய்யாமலும் போகலாம். பிற நாட்டினர் பலர் இவ்வேறுபாட்டை உணரவே நீண்ட காலம் பயில்கின்றனர். நாமோ அதை நாள்தோறும் பேசுகிறோம். அதுபோலவே, இன்னும் வராத கடிதத்தைப் பற்றி 'கடிதம் வந்ததும் தெரிவிக்கிறேன்' என்கிறோம். எதிர்கால வடிவத்தை அங்கு இடுவதில்லை. ஸ்பானிய மொழியும் 'குவாந்தோ' என்பதை அடுத்து அவ்விடத்தில் எதிர்கால வினையை ஏற்பதில்லை. 'குவாந்தோ யேகே' என்றே சொல்லும். வினையின் ஈற்று உயிர் இடம் மாறுவதே அடையாளம்: பெரும்பாலும் 'ஆ' இருந்த இடத்தில் 'ஏ', 'ஏ' இருந்த இடத்தில் 'ஆ'.

'உம்' என்பதற்கு நிகரான 'இ', இகர ஒலியில் தொடங்கும் சொல்லுக்கு முன் 'ஏ' ஆகும்: 'பாத்ரே ஏ ஈஹோ', தந்தையும் மகனும். 'ஓ' அவ்வாறே ஓகரத்தின் முன் 'ஊ' ஆகும். புணர்ச்சி விதி படித்தோருக்கு இதில் வியப்பேதும் இராது.

பேச்சில் வேண்டுவன இவற்றினும் எளியவை. முன்பதிவின்றி அலுவலகத்திற்குச் செல்ல நேர்ந்தால் 'எஸ் கே' என்று தொடங்கிக் காரணத்தைச் சொல்லுங்கள். 'அது வந்து…' என நாம் தயங்கித் தொடங்குவது போன்ற மரியாதையான தொடக்கம் அது. 'ஓ சேயா' என்றால் 'அதாவது'. அலுவலர் கூறியதைத் தங்கள் சொற்களில் திரும்பச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்ள இது மிகவும் பயன்படும்.

குடியுரிமைக்கு விண்ணப்பிப்போர் பெரும்பாலும் எழுத வேண்டிய தெலே ஆ2 நிலைத் தேர்வுக்கு 'இ', 'பேரோ', 'போர்கே' போன்ற எளிய இணைப்புகளே அடிப்படை. ஆயினும் அலுவலகக் கடிதங்கள் அந்நிலையில் எழுதப்படுவதில்லை. எனவே தேர்வில் வென்றபின்னும் வகுப்பை நிறுத்த வேண்டாம் என்பதே எமது பரிந்துரை. முதியோர் கல்வி நிலையங்களும் பல நகரங்களின் அரசு மொழிப் பள்ளிகளும் வெளிநாட்டினருக்கு ஸ்பானியம் கற்பிக்கின்றன. வகுப்புக்குச் செல்லும்போது தங்களுக்கு வந்த பழைய கடிதம் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். அதிலுள்ள இணைப்புச் சொற்களை மட்டும் அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். பெயர், முகவரி, அடையாள எண் ஆகியவற்றை முன்னதாகவே மறைத்துவிடவும்.