பெயரும் சட்டையும்

தையற்காரரிடம் அளவு கொடுத்துத் தைக்கும் உடுப்புக்கும் கடையில் தைத்துத் தொங்கவிட்டிருக்கும் உடுப்புக்கும் உள்ள வித்தியாசத்தை நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. முன்னது உடம்பைப் பார்த்துத் தைத்தது. பின்னது உடம்பை ஊகித்துத் தைத்தது. மேல்நாடுகளில் சீமாட்டிகளுக்கு உடுப்பு அமைத்துக் கீர்த்தி பெற்ற கலைஞர்கள் பலர், இந்த இரண்டாவது வேலையைக் கௌரவக் குறைவாகவே நெடுங்காலம் எண்ணி வந்தார்கள். அந்த வேலியைத் தாண்டிய அமெரிக்கர் ஒருவரின் சரித்திரம் சிந்திக்கத் தக்கது.

அவர் பெயர் ஹால்ஸ்டன். 1932-ஆம் வருஷம் அயோவா மாகாணத்தில் டெஸ்மாயின் நகரில் பிறந்தவர். நியூயார்க்கில் பெர்க்டார்ஃப் குட்மன் என்ற பெரிய கடையில் தொப்பிகள் அமைத்து வந்தார். 1961-இல் கென்னடி ஜனாதிபதியாகப் பதவி ஏற்ற தினத்தன்று அவருடைய மனைவி ஜாக்குலின் அணிந்திருந்த தொப்பி ஹால்ஸ்டன் அமைத்ததே. அத்துடன் அவர் புகழ் நாடெங்கும் பரவிற்று.

பிறகு தொப்பியை விட்டு உடுப்புக்கு வந்தார். 1972-இல் அவர் வெளியிட்டதுதான் பிரசித்தமான சட்டை உடுப்பு. ஆடவர் சட்டையை அப்படியே நீட்டி, இடையில் ஒரு கச்சையைக் கட்டினால் எப்படி இருக்கும்? அவ்வளவுதான்! கழுத்துப் பட்டையும் முன்புறப் பொத்தான்களும் அதில் உண்டு. வேறு அலங்காரம் ஒன்றுமில்லை. துணிதான் விசேஷம். ஜப்பானில் டோரே கம்பெனியார் 1970-இல் கண்டுபிடித்த செயற்கை மென்தோல் அது. பார்வைக்கும் தொடுவதற்கும் தோல்தான். ஆனால் இயந்திரத்தில் போட்டுத் துவைக்கலாம். நெய்த துணியல்லவாதலால் வெட்டிய விளிம்பில் நூல் பிரியாது. தனவந்தர் வீட்டுப் பெண்ணும் உத்தியோகத்துக்குப் போகும் பெண்ணும் ஒரே சட்டையை விரும்பி வாங்கினார்கள்.

வெற்றி வந்தால் முதலாளி வருவதற்கு எத்தனை நேரம்? 1973-இல் நார்ட்டன் சைமன் என்ற பெரிய ஸ்தாபனம் அவருடைய தொழிலை விலைக்கு வாங்கிற்று. தொழிலோடு ஹால்ஸ்டன் என்ற பெயரும் பத்திரத்தில் சேர்ந்துவிட்டது. தாமே சித்திரம் வரைந்து தாமே வெட்டிக் கொடுத்து வந்த வரையில், இந்த விஷயம் அவரை உறுத்தவில்லை.

அமெரிக்கப் பெண்கள் அனைவருக்கும் உடுப்பு அமைக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஜே. சி. பென்னி என்ற கடைக்காரர்கள் அதற்கு வழி காட்டினார்கள். 1902-இல் வயோமிங் மாகாணத்தில் ஒரு சுரங்க ஊரில் சிறு கடையாய்த் தோன்றி, நாடு முழுவதும் கிளை பரப்பிய ஸ்தாபனம் அது. சாமானியக் குடும்பங்களின் கடை. 1983-இல் ஹால்ஸ்டன் அமைத்த மலிவான உடுப்புகள் அங்கே விற்பனைக்கு வந்தன. உடனே, அவருக்கு முதன்முதல் கீர்த்தி தேடித் தந்த பெர்க்டார்ஃப் குட்மன் கடையே அவருடைய உடுப்புகளை விற்பதை நிறுத்திவிட்டது! ஏழைக்கும் எட்டும் பொருளைச் செல்வர் தொடுவதில்லை போலும்!

இதையாவது பொறுத்துக் கொள்ளலாம். அதே சமயத்தில் முதலாளி ஸ்தாபனம் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறிக் கொண்டிருந்தது. புதிதாய் வந்த எஜமானர்களுக்கும் கலைஞருக்கும் ஒத்துப் போகவில்லை. 1984-இல் தம் பெயர் பொறித்த அலுவலகத்தை விட்டு ஹால்ஸ்டன் வெளியேற நேர்ந்தது. பெயரை மீட்க அவர் செய்த முயற்சி பலிக்கவில்லை. அவர் கை படாத உடுப்புகள் அவர் பெயரைத் தாங்கி விலை போயின; அவரோ தாம் வெட்டும் சட்டைக்குத் தம் பெயரை இடும் உரிமையின்றி இருந்தார். 1990-இல் காலமானார்.

அவருடைய எண்ணம் தவறா? இல்லை என்று காலம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2004-இல் பாரிஸின் பிரபல கலைஞர் கார்ல் லாகர்ஃபெல்டு, ஸ்வீடன் தேசத்து மலிவுக் கடைக்காரரான எச். அண்ட் எம்.முக்கு உடுப்புகள் அமைத்தபோது, கடை வாசலில் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். அவரை எந்தப் பெரிய கடையும் விலக்கவில்லை.

ஆகவே, கலைஞன் ஆலைக்காக உழைப்பதில் இழிவு ஒன்றுமில்லை. நல்ல சட்டை நாலு பேருக்குக் கிடைப்பது நல்லதுதான். ஆனால் கைவேலையை விற்பது வேறு, பெயரை விற்பது வேறு. விளைந்த நெல்லை எவ்வளவு வேண்டுமானாலும் விற்கலாம். விதைநெல்லையும் சேர்த்து அளந்து கொடுத்துவிட்டால், அடுத்த போகத்துக்கு நிலம் இருந்து என்ன பயன்?